ரீஜனல் ஏர்லைன்ஸ் முதல் வருஷ சம்பளம் – தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க

வணக்கம் மக்களே, அக்கா பையன் அமெரிக்காவுல 1,500 மணி நேரம் பறந்து முடிச்சுட்டான், இப்போ ஒரு ரீஜனல் ஏர்லைன்ஸ்ல ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (கோ-பைலட்) ஆஃபர் வந்திருக்கு, பேப்பரைப் பாத்தா எனக்கு தலை சுத்துது. 2022ல அமெரிக்கன் ஏர்லைன்ஸோட ரீஜனல் கம்பெனிகளான என்வாய், பிஎஸ்ஏ, பீட்மான்ட் மூணும் முதல் வருஷத்துக்கே மணிக்கு 90 டாலர்னு ஏத்தினாங்கல்ல, இவனுக்கும் கிட்டத்தட்ட அதே ரேட்தான், மாசம் 75 மணி நேரத்துக்கு சம்பளம் கேரண்டி. அப்போ 6,750 டாலர், வருஷத்துக்கு 81,000. ஆனா அது முழுசா கைக்கு வருமா?

ஏன்னா ட்ரெயினிங் மாசங்கள்ல சம்பளம் வேறயாம், கேட்ல இருந்து ஃப்ளைட் நகர்ந்தாத்தான் மீட்டரே ஓடுமாம், ஏர்போர்ட்ல காத்துக் கிடக்கறதுக்கு பெர் டியம் (சாப்பாட்டுப் படி) மட்டும்தானாம் (அது சாப்பாட்டுக்கே சரியாப்போயிடும்). ரிசர்வ்ல (கூப்பிட்டா வரத் தயாரா இருக்கற டூட்டி) போட்டா 75ஐத் தாண்டறது கஷ்டமா? பேஸ் (டூட்டி ஆரம்பிக்கற ஏர்போர்ட்) வேற ஊர், கிராஷ்பேட் (பைலட்டுங்க சேர்ந்து தங்கற ரூம்) வாடகை கைக்காசுதான்னு சொல்றான்.

போனஸைப் பாத்து வாயைப் பிளக்கறான், நடுவுல விட்டா திருப்பிக் கட்டணுமான்னு கான்ட்ராக்ட்ல எங்க பாக்கணும்? ஹெல்த் இன்ஷூரன்ஸ் சேர்ந்த நாள்லயே ஆரம்பிக்குமா, 401கே (ரிட்டயர்மென்ட் சேமிப்பு) மேட்ச், அதாவது கம்பெனி போடற பங்கு, முதல் வருஷமே உண்டா, அக்கா மாமாவுக்கு ஸ்டாண்ட்பை டிக்கெட் (சீட் காலியா இருந்தா ஏறிக்கறது) கிடைக்குமா? அங்க வேலை பாக்கறவங்க யாராவது முதல் வருஷம் பிடித்தம் போக கைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு சொன்னா பெரிய உதவி, அடுத்த வாரம் கையெழுத்து போடணும்.