கால்சட்டைப் பையில் வைக்கச் சிறிய பிஸ்டல்: எதைத் தேர்வது? வாடகைக்கு எடுத்துச் சுட்டதில் தோட்டா சிக்குகிறது

கடைக்காரர் (கேட்டி, டெக்சஸ்)

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில், பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். இரவு 11 மணிக்குக் கடையை அடைத்துவிட்டு, அன்றைய வசூலைக் கையில் வைத்துக்கொண்டு காருக்கு நடக்கும் அந்த ஐம்பது அடிதான் என் கவலை. எனக்கு வயது 47. கிரீன் கார்டு கிடைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை துப்பாக்கி எதையும் வைத்திருந்ததில்லை.

இங்குள்ள வெயிலுக்கு மெல்லிய பருத்திக் கால்சட்டையும் அரைக்கைச் சட்டையுமே என் உடை. இடுப்பில் உறை கட்டினால் பில் போடக் குனியும்போதெல்லாம் தெரியும். ஆகவே முன்பக்கப் பையில் அடங்கும் பிஸ்டலாகப் பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு சுடுகளத்தில் 380 என்னும் அளவுத் தோட்டாவைச் சுடும் மிகச் சிறிய பிஸ்டல் ஒன்றை வாடகைக்கு எடுத்து 50 தோட்டாக்கள் சுட்டேன். மூன்று முறை சிக்கிக்கொண்டது. சுட்டு முடிந்த பித்தளைக் கூடு வெளியே விழாமல், ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் உலோகப் பகுதி) இடுக்கில் புகைபோக்கியைப் போல நிமிர்ந்து நின்றது. வலது கட்டைவிரலில் மூட்டுவாதம் தொடங்கியிருப்பதால் ஸ்லைடை இழுப்பதே எனக்குப் பெரும்பாடு. பிஸ்டலில் குறையா, என் கையில் குறையா? எதை வாங்கலாம்?

டாலஸ்வாசி

ரிவால்வர் வாங்குங்கள், நண்பரே. இழுக்க ஸ்லைடும் இல்லை, காலிக் கூடு இடுக்கில் சிக்கவும் வழியில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ஐந்து தோட்டாக்கள் கொள்வது. சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் பையின் துணியில் மாட்டாது. என் தேர்வு அதுதான்.

பழைய பயிற்றுநர் (சான் அன்டோனியோ)

வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் சிக்கலைப் பிரித்துப் பார்ப்போம். மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்த மூன்று தடைகளும் தொடக்கத்திலேயே வந்தனவா, கை ஓய்ந்த பிறகு வந்தனவா? அதே பிஸ்டலை வேறு எவரேனும் சுட்டுப் பார்த்தார்களா? பிடியில் உங்கள் சுண்டுவிரலுக்கு இடம் இருந்ததா?

கடைக்காரர்

முதல் 20 தோட்டாக்களில் ஒன்றும் ஆகவில்லை, ஐயா. மூன்றும் அதற்குப் பிறகே வந்தன. சுடுகளத்து ஊழியர் ஒரு மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) முழுவதையும் சுட்டுக் காட்டினார், தடையே இல்லை. சுண்டுவிரலுக்கு இடமில்லை, அது கீழே காற்றில் தொங்கியது.

பழைய பயிற்றுநர்

அப்படியானால் விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. பிஸ்டல் சுடும்போது ஸ்லைடு பின்னே ஓடி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, முன்னே வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. அவ்வாறு முழுத் தொலைவும் ஓட வேண்டுமானால், பிடி ஓரிடத்தில் அசையாமல் நின்று ஸ்லைடுக்கு எதிர்ப்புத் தர வேண்டும். மணிக்கட்டுத் தளர்ந்து பிடியும் சேர்ந்து பின்னே போனால், ஸ்லைடு பாதி வேகத்தில் ஓடிக் காலிக் கூட்டை எறியாமல் கவ்விக்கொள்ளும். எடை மிகுந்த பிஸ்டலில் அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். 300 கிராம்கூட நிறையாத பிஸ்டலில் எல்லாவற்றையும் உங்கள் மணிக்கட்டுதான் செய்தாக வேண்டும். இரண்டு விரல்களால் மட்டும் பிடித்த பிடி 20 தோட்டாக்களுக்குப் பின் தளர்ந்ததில் வியப்பில்லை.

கடைக்காரர்கள் வாடிக்கையாளரிடம் அதிகம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு: பையில் வைக்க எது எளிதோ, அதுவே சுடக் கடினமானது. புதியவர்கள் சிறியதிலிருந்து தொடங்குவது தலைகீழ்ப் பாடம் என்பது என் கருத்து.

ஸ்லைடைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படிச் செய்ய வேண்டாம். பிஸ்டலை மார்புக்கு அருகே, குழல் குறிப்பலகையை நோக்கியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, இடது உள்ளங்கையையும் நான்கு விரல்களையும் ஸ்லைடின் மேல் பரப்பி இறுக்குங்கள். பிறகு ஸ்லைடை இழுப்பதற்கு மாறாக, வலக்கையால் பிடியை முன்னே தள்ளுங்கள். வேலை கட்டைவிரலிலிருந்து தோளுக்கு மாறிவிடும்.

இனித் தேர்வு. ருகர் எல்சிபி மேக்ஸ் 2021இல் வந்தது. ஏறத்தாழ 300 கிராம், மேகசினில் 10 தோட்டாக்கள். பையில் இருப்பதே தெரியாது. 642 நண்பர் சொன்னதுபோல் நல்லதுதான். ஆனால் எடை ஏறத்தாழ 410 கிராம்தான், 38 ஸ்பெஷல் தோட்டாவோ 380ஐவிடக் கையை அதிகம் உதைக்கும். விசையை (டிரிகர்) இழுக்க 12 பவுண்டு அளவுக்குப் பலம் தேவைப்படும்; மூட்டுவாதக் கைக்கு அது சலுகை அன்று. மூன்றாவதாக, சிக் சாவர் பி365 பிஸ்டலின் 380 வடிவத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 450 கிராம். 9 எம்எம் தோட்டாவுக்கென வகுத்த அளவில் வலிமை குறைந்த 380ஐ இட்டிருப்பதால் ஸ்லைடு மென்மையாக நகரும், உதையும் குறையும். பை கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும், அவ்வளவே. மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஏழு கஜத் தொலைவில் சுட்டுப் பாருங்கள். முதல் மேகசினைக் கணக்கில் கொள்ளாதீர்கள், கை ஓய்ந்த பிறகு சுடுவதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

மீனா (ஆஸ்டின்)

தம்பி, எனக்கும் இரு கைகளிலும் மூட்டுவாதம். ஆகவே ஒரு வழியைக் கூடுதலாகச் சொல்கிறேன். பெரெட்டா டாம்கேட்டில் குழலின் பின்புறம் மேலே தூக்கிக்கொள்ளும். ஸ்லைடை இழுக்காமலே முதல் தோட்டாவைக் கையால் வைத்து மூடிவிடலாம். 32 ஏசிபி தோட்டா, மென்மையான உதை. தோட்டா சிறிதுதான், ஆனால் வலிக்குப் பயந்து பயிற்சிக்கே போகாதவரின் கையில் பெரிய தோட்டா இருந்து என்ன பயன்?

உறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆண்கள் துப்பாக்கியைப் பற்றி ஒரு மாதம் பேசிவிட்டு உறையை ஐந்து நிமிடத்தில் வாங்குகிறார்கள். உறையில்லாமல் பையில் போடவே கூடாது. பைக்கென்றே செய்த உறை விசையை முழுவதும் மூடியிருக்க வேண்டும். அதன் வெளிப்புறம் துணியைப் பற்றும் சொரசொரப்போடு இருந்தால்தான் பிஸ்டலை எடுக்கும்போது உறை பையிலேயே தங்கும். அந்தப் பையில் சாவி, சில்லறை, கைப்பேசி, எதுவும் இருக்கக் கூடாது. திரும்பப் பைக்குள் வைக்க வேண்டுமானால் முதலில் உறையை வெளியே எடுத்து, அதில் பிஸ்டலைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே உள்ளே விடுங்கள். வாரம் ஒருமுறை துடையுங்கள். பையின் பஞ்சுத்தூசியும் ஹூஸ்டன் வியர்வையும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை நான் துருப்பிடித்த ஸ்லைடைப் பார்த்துக் கற்றேன்.

சட்டம் படித்தவன்

இதை வழக்கறிஞர் ஆலோசனையாகக் கொள்ளாமல், விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர் என்பதால் நீங்கள் துப்பாக்கி வாங்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இல்லை. துப்பாக்கி வாங்குவோர் கடையில் நிரப்பும் கூட்டாட்சிப் படிவமான 4473இல் கார்டில் உள்ள எண்ணை எழுத வேண்டும். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தகுதியிழக்காத 21 வயது நிறைந்தோர் உரிமமின்றியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான எல்டிசி என்னும் மாநில உரிமத்தை எடுத்துவிடுமாறு வற்புறுத்துவேன். கட்டணம் 40 டாலர், வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். பிற மாநிலங்கள் பலவற்றில் அது செல்லும். மேலும் பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு செல்வதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம், அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு அளிக்கிறது. குழந்தையைப் பள்ளியில் விட்டு அழைத்து வருபவர் என்றால் இது ஒன்றே அந்த 40 டாலருக்குப் போதும். பள்ளிக் கட்டடத்துக்குள் எந்த உரிமமும் உதவாது. 51% என்று சிவப்பில் எழுதிய பலகை தொங்கும் மதுக்கூடத்துக்குள்ளும் கொண்டுபோக வேண்டாம்.

உங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

கடைக்காரர்

மனைவி, ஒன்பது வயது மகன், எச்-1பி விசாவில் இருக்கும் மைத்துனர். மைத்துனரையும் சுடுகளத்துக்கு அழைத்துப் போகலாம் என்றிருந்தேன்.

சட்டம் படித்தவன்

அழைத்துப் போகாதீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், அவற்றை நம்பி அவருடைய விசாவைப் பணயம் வைக்க வேண்டாம். வீட்டில் பிஸ்டல் பூட்டுப் பெட்டியில் இருக்கட்டும். அதன் எண் உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியட்டும். மகன் விஷயமும் அதுவே: 17 வயது நிறையாதவர் கைக்கு எட்டும்படி சுடத்தக்க துப்பாக்கியை அசட்டையாக விடுவது டெக்சஸில் குற்றம்.

இன்னொன்று. சுடுகளத்துக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்லாதீர்கள். பையின் அடியில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கில் சிக்கியவர்கள் உண்டு.

கடைக்காரர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்றையும் சுட்டுப் பார்த்தேன். 642 முதல் ஐந்து தோட்டாக்களுக்கு இனிமையாக இருந்தது. பதினைந்தாவதில் விசையை இழுக்கும்போது குறி இடப்பக்கம் ஓடியது, மறுநாள் விரல் வீங்கியது. எல்சிபி மேக்ஸில் மேகசினின் நீண்ட அடித்தட்டைப் பொருத்தியதும் சுண்டுவிரல் இடம் பெற்றது, தடை ஒன்றுதான் வந்தது. இருந்தாலும் 40 தோட்டாக்களுக்கு மேல் சுட மனம் வரவில்லை. பி365இன் 380 வடிவத்தில் 100 தோட்டாக்கள், தடை இல்லை. ஐயா சொன்னபடி பிடியைத் தள்ளியதில் ஸ்லைடும் தொல்லை தரவில்லை. அதையே வாங்கினேன். டாம்கேட் அந்தக் களத்தில் கிடைக்கவில்லை, அக்கா.

ஆனால் ஒரு சங்கடம்: பையில் நன்றாக அடங்குகிறது, எடுக்கும்போது மட்டும் கைமுட்டி பையின் வாயில் இடிக்கிறது.

பழைய பயிற்றுநர்

பையின் ஆழத்தை அளந்திருப்பீர்கள், வாயை அளந்திருக்க மாட்டீர்கள். பிடியைப் பற்றிய கை முழுவதும் வெளியே வர வேண்டும். நல்ல தையல்காரரிடம் கொடுத்துப் பையின் வாயை முக்கால் அங்குலம் அகலப்படுத்தச் சொல்லுங்கள். கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி மடக்காமல் ஸ்லைடின் பின்முனை மேல் வைத்துக்கொண்டு எடுத்தால் கை ஒடுங்கும். குண்டில்லாத பிஸ்டலோடு, அறையில் வேறு எவரும் இல்லாதபோது, தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துவிட்டு, தினமும் பத்து முறை செய்து பாருங்கள். இரு கால்சட்டைகளுக்கு மட்டும் முதலில் தைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம்.