ஊர்ச் சங்கத்தை வாட்ஸ்அப், முகநூல் என்று கொண்டுபோனவர்களே, உங்களுக்கு நடந்தது என்ன?

கொடைக்காரன்

நானே தொடங்கி வைக்கிறேன். எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைவிழா. பாதி ஊர் தாராவியில், மிச்சத்தில் பாதி வளைகுடாவில். வரி தவறாமல் வந்துவிடும், ஆள்தான் வர முடியாது. அதனால் விழாக் குழு இந்த முறை 'யூடியூபில் நேரலை' என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டது. பொறுப்பை ஒரு கல்லூரித் தம்பியிடம் கொடுத்தார்கள். அவன் கொடையன்று மாலைதான் சேனலைத் தொடங்கினான். முதல்முறை நேரலையை இயக்க 24 மணி நேரம் வரை ஆகுமாம். அதிலும் கைபேசியிலிருந்து காட்ட 50 சந்தாதாரர்களாவது வேண்டுமாம். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இவன் பந்திக்கு வந்தவர்களைப் பிடித்துச் சந்தா கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நள்ளிரவில் தாராவிப் பெரியம்மை வாட்ஸ்அப்பில் என்னை அழைத்தாள். கோமரத்தாடி, அதாவது சாமியாடி, அவளுடைய உடன்பிறந்த தம்பி. அவர் தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குக் கிளம்பும் நேரம். திரையை அவர் பக்கம் திருப்பி உயர்த்திப் பிடித்தேன். நின்றார். மரவையிலிருந்து திருநீற்றை அள்ளித் திரையில் பூசிவிட்டுச் சுடுகாட்டுப் பாதையில் ஓடிவிட்டார். கைபேசியைத் திருப்பிப் பார்த்தால் பெரியம்மை இன்னும் குனிந்தபடியே இருக்கிறாள், நெற்றி இருந்த இடமெல்லாம் சாம்பல்.

அழைப்பிதழை நம்பி விழித்துக் கிடந்த மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது? குழுக் கூட்டத்தில் இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

மேலரதவீதி

யூடியூப் எதற்கு அண்ணாச்சி? முகநூலில் பக்கம் தொடங்கிய கையோடு நேரலை போட்டிருக்கலாமே. எங்கள் தெருப் பிள்ளையாருக்கு அப்படித்தான் செய்தோம்.

கொடைக்காரன்

எந்தக் காலத்தில் செய்தீர்கள்? 2024 ஜூன் முதல் அங்கேயும் கணக்குக்கு 60 நாள் வயதாகியிருக்க வேண்டும், பக்கமென்றால் 100 பேர் பின்தொடர வேண்டும். பந்தக்கால் நாட்டிய அன்றே தொடங்கியிருந்தாலும் கொடைக்குக் கிடைத்திருக்காது.

பாளை\_குருதி

நேரலை வராவிட்டால் மனவருத்தம்தான். எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. பாளையங்கோட்டையில் சின்னதாக ஓர் இரத்த தானக் குழு. மருத்துவமனை வாசலில் தவிப்பவர்கள் நேரடியாக அழைக்கட்டும் என்று பெயர், இரத்த வகை, கைபேசி எண் எல்லாவற்றையும் ஒரே படமாக்கிப் பொதுவில் போட்டுவிட்டார் எங்கள் செயலாளர். நல்ல மனதோடு போட்டதுதான். படம் பறந்தது.

உறுப்பினர்களில் ஓர் ஆசிரியை ஓ நெகட்டிவ். கிடைப்பதற்கு அரிய வகை என்பதால் எந்த நேரத்தில் அழைத்தாலும் கிளம்பிவிடுவார். ஒரு நாள் நடு இரவில் அழைப்பு. கணவர் வண்டியை வாசலுக்குத் தள்ளிவிட்டார், இவர் செருப்பை மாட்டிக்கொண்டே "எந்த வார்டு?" என்று கேட்டிருக்கிறார். "வார்டெல்லாம் எதற்கு, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள்" என்றானாம் அந்தப் பக்கத்தில் இருந்தவன்.

படத்தை நீக்கினோம். ஆனால் அதன் நகல்கள் இன்றும் யார் யாருடைய குழுக்களிலோ சுற்றிக்கொண்டிருக்கின்றன. இப்போது வெளியே தெரிவது ஒருங்கிணைப்பாளர் எண் ஒன்றுதான். மற்றவர்களின் எண்கள் ஒரு நோட்டில் இருக்கின்றன. அறிவிப்புகளை வாட்ஸ்அப் சேனலுக்கு மாற்றிவிட்டோம். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வசதி அது. குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், சேனலில் பின்தொடர்கிறவர்களுக்குள் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. அந்த ஆசிரியை குழுவிலிருந்து விலகிவிட்டார். பஸ்ஸில் பார்த்தால் கோபம்கூடக் காட்டுவதில்லை, சிரிக்கிறார். அதுதான் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற எழுத்தர்

எங்கள் நலச்சங்கப் பக்கத்தைத் தொடங்கிய பையன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான், கடவுச்சொல்லும் அவனோடு விமானம் ஏறிவிட்டது. முகப்புப் படத்தில் பழைய தலைவர் இன்றும் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கிறார். மனிதர் காலமாகி வருடத் திதியும் முடிந்துவிட்டது.

ஆகவே எல்லாரும் கவனியுங்கள். முதலில் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சங்கத்துக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கி, செயலாளர் மாறும்போது சாவிக்கொத்தோடு அதையும் ஒப்படைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த ஆறு இலக்க எண்ணை உறையிலிட்டு பீரோவில் வைக்க வேண்டும். முகநூலில் சங்கத்தின் பெயரில் தனிநபர் கணக்கு தொடங்கவே கூடாது. அதில் 5,000 நண்பர்களோடு கதவு சாத்திவிடும், உண்மையான ஆள் இல்லை என்று புகார் போனால் முடக்கியும் விடுவார்கள். பக்கமாகத் தொடங்கி, முழு உரிமையுள்ளவர்களாகக் குறைந்தது இருவரைச் சேர்க்க வேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. வரி பாக்கிப் பட்டியலைக் குழுவில் போடக் கூடாது. எங்கள் பக்கத்து ஊரில் அதனால் மாமன் மச்சான் பேச்சே நின்றுவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் பரிசு வாங்கும் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது. மிக முக்கியமாக, வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காக ஊரையே உள்ளே விட்டுவிட்டு, எல்லாரையும் பேசவும் விடாதீர்கள். 'நிர்வாகிகள் மட்டும்' என்று பூட்டிவிட வேண்டும். காலை வணக்கம், மாலை வணக்கம், மருந்துக் குறிப்பு எல்லாம் அன்றோடு ஒழியும்.

சிந்துபூந்துறை

பூட்டச் சொல்கிற அண்ணாச்சிக்கு: 2023 டிசம்பர் 17 அன்று எங்கள் தெருக் குழு அப்படித்தான் பூட்டிக் கிடந்தது.

அந்த நெல்லை வெள்ளத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, ஆறு தெருவுக்குள் வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு குரல் பதிவு: "அணை உடைந்துவிட்டது, எல்லாரும் ஓடுங்கள்." அதைக் குழுவில் போட்டவர் நிர்வாகியேதான். பலமுறை பகிரப்பட்டது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி அதன் தலையிலேயே இருந்தது. அம்புக்குறியை யார் பார்த்தார்கள்? அசல் நம் ஊர் ராகத்தில் பேசியிருந்தான், அது போதுமானதாக இருந்தது. போட்ட கையோடு நிர்வாகியின் கைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது.

எங்கள் தெருவில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். அணையில் இருப்பவர்களிடமே பேசி, உபரி நீர்தான் திறக்கிறார்கள், அணைக்கு ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டார். அதைக் குழுவில் எழுத அவருக்கு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி "அணை உடையவில்லை! அணை உடையவில்லை!" என்று கத்திக்கொண்டே போனார். மழை இரைச்சலில் எதிர்வீட்டு ஆச்சிக்கு 'அணை உடை' வரைக்கும்தான் காதில் விழுந்தது. அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மாடிப்படி ஏறினாள். மூன்றாம் படியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் நடை சரியாகவில்லை.

காலை வணக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் அண்ணாச்சி.

ஓய்வுபெற்ற எழுத்தர்

ஆச்சிக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் அது பூட்டின் குற்றமில்லை, நிர்வாகி ஒருவர் மட்டும் இருந்ததன் குற்றம். இருவர் வேண்டும் என்று நான் மேலேயே எழுதியிருக்கிறேன்.

மேலரதவீதி

முகநூலுக்குத்தான் இருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்புக்கு எழுதவில்லை.

கோரைப்பாய்

சண்டைக்கு நடுவே என் கதையையும் போட்டுவிடுகிறேன். பத்தமடைப் பக்கம் பாய் முடையும் மகளிர் குழு. இன்ஸ்டாகிராம் தொடங்கினோம். ஆற்றுத் தண்ணீரில் ஊறிய கோரையை எங்கள் லாத்தா, அதாவது அக்கா, நகத்தால் வகிர்ந்து நூலாக்குகிற காணொளிக்கு இதயக்குறி குவிந்தது, ஆர்டர் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. பார்க்கிறவர்கள் வாங்குகிறவர்கள் இல்லை போலும் என்று லாத்தா விட்டுவிட்டாள்.

நாம் பின்தொடராதவர்கள் அனுப்பும் செய்தி 'வேண்டுகோள்' என்ற தனிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது தெரியவந்து திறந்தால், உள்ளே ஒரு வரிசையே காத்திருக்கிறது. விலை கேட்டவர்கள், தூதஞ்சல் செலவு கேட்டவர்கள். ஒன்றைத்தான் மறக்க முடியவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண், மணமக்கள் பெயர் போட்ட பட்டுப்பாய் வேண்டும் என்று இரண்டு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதி, "மாப்பிள்ளை பெயரில் வருவது வல்லின ற, தயவுசெய்து கவனியுங்கள்" என்று அனுப்பியிருந்தாள். மெல்லிய பாய் முடையப் பல வாரங்கள் ஆகும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், நாள் நிறையக் கொடுத்துத்தான் கேட்டிருந்தாள். நாங்கள் திறந்தபோது கல்யாணமே முடிந்துவிட்டிருந்தது.

லாத்தா அந்தப் பெயர்களை ஓரத்தில் எத்தனை இழைக்கு வரும் என்று விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம், "பதில் எழுது. தொட்டிலுக்குக் கீழே விரிக்கச் சின்னப் பாய் வேண்டுமா என்று கேள்" என்றாள். எழுதியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

நல்லது அம்மா. அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?