படம் எடுத்து, புத்தகமாகப் போட்டுக் கொடுத்தவர்கள்: உங்கள் அனுபவம்

ஆற்றங்கரை:
பாபநாசத்தில் திதி, பரிகாரம் என்று வருகிறவர்கள் தாமிரபரணி ஆற்றில் துணியை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. போன ஆடி அமாவாசைக்குப் படித்துறையில் கொடுக்க 16 பக்கத்தில் சின்னப் புத்தகம் ஒன்று போட்டேன். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ், நடுவில் இரண்டு பின். பாறையில் சுற்றிய வேட்டி, நாணலில் சிக்கிய சேலை, இப்படி எல்லாம் நான் எடுத்த படங்கள்.

ஈரக்கையோடு புரட்டிக்கொண்டு வந்த ஒரு அக்கா 9ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார். படத்துச் சேலையின் முந்தானையில் இருந்த மாங்காய் டிசைன் மேல் விரலை வைத்து, "தம்பி, இது எங்க அம்மை சேலைல்லா? போன வருசம் இங்கதான் விட்டோம். கடலுக்குப் போயிருக்கும்னு நெனச்சேன்" என்றார். ஆறு கடலில் கலக்கிற புன்னைக்காயல் எங்கே, இது எங்கே! படித்துறைக்குக் கொஞ்சம் கீழேதான் அதை எடுத்தேன். ஆறு, குடிதண்ணீர் என்று பேச நிறைய வைத்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. புத்தகத்தை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாதோ?

நாரைக்குளம்:
அழுக்கைக் காட்டினால் ஜனங்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். அதனால் நான் கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகளை மட்டும் போட்டேன். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர், அவர்களுக்கே கொடுப்போம் என்று போனேன். ஒரு தாத்தா அட்டைப்படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சுகள், வெயிலில், கூட்டில். "எம்மா, தாய எங்க? நீங்க மரத்தடியில நின்னதுலதான் எழும்பிப் போயிருக்கும்." உண்மைதான். மீதிப் பிரதிகளை யாருக்கும் கொடுக்கவில்லை.

அச்சு வேலை:
நாரைக்குளம் சொல்வதை ஏற்க முடியாது. பறவை மட்டும் போட்டால் அது காலண்டர். ஆற்றில் சாக்கடை கலக்கிற இடத்தை நானும் போட்டேன். ஜெராக்ஸில் ஆற்றுத் தண்ணீரும் சாக்கடையும் ஒரே கறுப்பு. டீக்கடையில் ஒரு அண்ணாச்சி "இது எந்தக் குளம்?" என்று கேட்டார்.

ஆற்றங்கரை, அடுத்த முறை படங்களை நன்றாக வெளுப்பாக்கிவிட்டு ஜெராக்ஸ் போடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் இடத்தின் பெயரும் தேதியும் வேண்டும். பக்கம் கூட்டினால் நான்கு நான்காகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் தாள் வீண். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள், வாங்குகிறவர்கள் எதையாவது எழுதித் தருவார்கள். 500 பிரதிக்கு மேல் என்றால் ஜெராக்ஸை விட்டுவிட்டு சிவகாசியில் ஆப்செட் விசாரியுங்கள். அப்புறம், அந்த அக்கா இந்த ஆடிக்கும் வருவார். 9ஆம் பக்கம் இருக்கட்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.