வியட்நாமியப் பன்றி எலும்பு, காய்கறிச் சூப்பை வீட்டில் செய்வது எப்படி?

கேள்வி: ஏலக்காட்டுவாசி (வண்டன்மேடு)

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் காய்ச்சலிலிருந்து எழுந்து சில நாட்கள்தான் ஆகின்றன. காரமும் மசாலாவும் அவருக்கு இறங்கவில்லை, கஞ்சியும் அலுத்துவிட்டது. வியட்நாமில் வேலை பார்த்துத் திரும்பிய என் தம்பி, அங்கே வீடுகளில் பன்றியின் விலா எலும்போடு உருளைக்கிழங்கு, கேரட், வெள்ளை முள்ளங்கி ஆகியவற்றைச் சேர்த்து வேகவைக்கும் தெளிந்த சூப்பைப் பற்றி அடிக்கடி சொல்வான். உடம்பு சரியில்லாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைச் சோற்றில் ஊற்றிக் கொடுப்பார்களாம். அதை அம்மாவுக்குச் செய்துகொடுக்க விரும்புகிறேன்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. எங்கள் ஊர்க் கறிக்கடையில் பன்றி இறைச்சியைத் தோலோடும் கொழுப்போடும் சிறு துண்டுகளாக வெட்டித் தருகிறார்கள். அது இதற்கு ஒத்துவருமா? மசாலா இல்லாமல் வேகவைத்தால் இறைச்சியின் வாடை எப்படிப் போகும்? குக்கரில் வைக்கலாமா? மீன் சாஸ் கட்டாயம் வேண்டுமா? அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைப் பற்றியும் கவலைப்படுகிறேன்.

பதில் 1: மலையோரம் (சித்தூர், பாலக்காடு)

வணக்கம் சகோதரி. வாடையைப் போக்க இஞ்சி பூண்டு விழுதும் மஞ்சள் தூளும் போட்டு வதக்கி, கொஞ்சம் மல்லித்தூளும் சேர்த்து, குக்கரில் ஐந்தாறு விசில் விட்டால் போதும் என்பது என் கருத்து. எங்கள் பக்கத்தில் கூர்க்கைக் கிழங்கு போட்டுச் செய்யும் பன்றிக்கறியை இந்த முறையில்தான் சமைக்கிறோம். வாடை சிறிதும் இருப்பதில்லை.

பதில் 2: தேயிலைச்சரிவு (தேவிகுளம்)

மலையோரம் ஐயா சொன்ன முறையில் நல்ல கறி கிடைக்கும். ஆனால் சகோதரி கேட்கும் சூப் அதுவாக இராது. வியட்நாமில் சோற்றோடு சாப்பிடும் இத்தகைய சாற்றுக்குக் ‘கான்’ என்று பெயர். அடியில் கிடக்கும் கேரட் துண்டு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும். எலும்பின் இனிப்பும் முள்ளங்கியின் இனிப்புமே அதன் சுவை என்பதால், மஞ்சளோ மல்லித்தூளோ சிறிது விழுந்தாலும் அவையே மேலோங்கிவிடும்.

வாடைக்கு அவர்கள் செய்யும் வழி மிக எளியது. இந்தச் சமையலில் விட்டுவிடக் கூடாத வேலையும் அதுவே. அரை கிலோ விலா எலும்பைக் குளிர்ந்த நீரில் இட்டு, இரண்டு வில்லை இஞ்சியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அடுப்பில் வைத்து, கொதி வந்தபின் மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டால், இரத்தமும் கசடும் சாம்பல் நிற நுரையாக மேலே திரளும். அந்த நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டையும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், பாத்திரத்தையும் கழுவிவிடுங்கள். கொதிக்கும் நீரில் இறைச்சியைப் போட்டால் வெளிப்புறம் சட்டென இறுகி, கசடு உள்ளேயே தங்கிவிடும் என்பதால்தான் குளிர்ந்த நீரில் தொடங்கச் சொல்கிறேன்.

பிறகு இரண்டு லிட்டர் புது நீரில் எலும்பைப் போட்டு, தோலுரித்த நான்கைந்து சின்ன வெங்காயத்தையும் முழுதாகச் சேர்த்து, மூடாமல், மேற்பரப்பில் ஓரிரு குமிழிகள் மட்டும் எழும்படியான சிறுதீயில் வேகவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து சாறு பால் போல வெளுத்துவிடும். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் இறைச்சி எலும்பை விட்டுக் கழன்றுவரும். நம் மலைகளில் அதற்கு மேலும் ஆகும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறைவதால், 1,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் இறைச்சியைக் குத்திப் பாருங்கள்.

இறைச்சி முக்கால் பதம் வெந்தபின் கேரட்டையும் முள்ளங்கியையும் பெரிய துண்டுகளாகப் போட்டு, பத்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்கைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் உருளைக்கிழங்கு கரைந்து சாறு கலங்கும். இறக்கியபின் வெங்காயத்தாளும் கொத்தமல்லித் தழையும் தூவி, அப்போதே இடித்த மிளகைப் போடுங்கள். உலகிலேயே அதிகமாக மிளகு ஏற்றுமதி செய்யும் நாடு வியட்நாம். நம் இடுக்கி மிளகும் இதற்கு மிக நன்றாகப் பொருந்துகிறது.

குக்கரிலும் செய்யலாம். முதல் கொதிநீரைக் கொட்டிய பிறகு எலும்பை மட்டும் குக்கரில் வைத்து, ஒரு விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருங்கள். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே கொதி பொங்கிச் சாறு கலங்கிவிடும். காய்கறிகளைப் பிறகு திறந்த பாத்திரத்திலேயே வேகவிடுங்கள்.

கறிக்கடையில் துண்டு போடுவதற்கு முன்பே, விலாப்பகுதியைத் தனியாகவும் தோலில்லாமலும் இரண்டு அங்குல நீளத்தில் வெட்டித்தரும்படி கேளுங்கள், கட்டாயம் தருவார்கள். தோலும் கொழுப்புமாக உள்ள துண்டுகள் வரட்டிய கறிக்குச் சிறந்தவை, சாற்றுக்கு அல்ல.

பதில் 3: கடற்கரைச்சாலை (குழித்துறை)

மீன் சாஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நெத்திலி வகை மீனை உப்போடு மரத்தொட்டியில் அடைத்து, ஏறக்குறைய ஓராண்டு ஊறவைத்து வடிப்பது அது. வியட்நாமின் ஃபூ குவாக் தீவில் தயாராவது மிகவும் பெயர் பெற்றது. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வதை நினைத்துப் பார்த்தால், உங்கள் தாயாருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பது புரியும். எனவே பானையில் ஊற்றாதீர்கள். அம்மாவின் கிண்ணத்தில் சில துளிகள் போதும். மற்றவர்கள் சிறு தட்டில் மீன் சாஸும் நறுக்கிய மிளகாயும் வைத்துக்கொண்டு இறைச்சியைத் தொட்டுச் சாப்பிடட்டும். வியட்நாமிலும் அப்படித் தொட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு.

மீன் சாஸ் கிடைக்காவிட்டால் சாதாரண உப்பே போதும். உப்பைக் குறைத்தும் சுவை வேண்டுமானால், ஒரு பிடி உலர்ந்த இறாலை வெந்நீரில் ஊறவைத்து, உப்பு நீங்க இரண்டு முறை அலசி எலும்போடு சேருங்கள். அங்கேயும் இறால் கருவாடு போட்டுக் காய்கறிச் சாறு வைப்பது வழக்கம்தான். முள்ளங்கியின் நெடி தாயாருக்குப் பிடிக்காவிட்டால், அதற்குப் பதிலாகத் தடியங்காயை (வெண்பூசணி) கடைசிப் பத்து நிமிடத்தில் போடலாம். சௌசௌவும் நன்றாக இருக்கும். பன்றி எலும்போடு இவ்விரண்டையும் வியட்நாமியர் விரும்பிச் சமைக்கிறார்கள்.

ஏலக்காட்டுவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. நாளை காலையிலேயே கறிக்கடைக்குச் சொல்லிவைக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி: அம்மா ஒரு வேளைக்கு ஒரு கிண்ணத்துக்கு மேல் சாப்பிடமாட்டார். மீதியை மறுநாளுக்கு வைக்கலாமா?

தேயிலைச்சரிவு:

தாராளமாக வைக்கலாம். சூடு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் கொழுப்பு முழுவதும் மேலே வெள்ளை ஏடாக உறைந்திருக்கும். கரண்டியால் அதை எடுத்துவிட்டால், காய்ச்சலில் இருந்து தேறுபவருக்கு இன்னும் இலேசான சாறு கிடைக்கும். அடியில் சாறு கூழ் போல இறுகியிருந்தால் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் இறங்கிய சத்துதான் அப்படி உறைகிறது, சூடாக்கினால் இளகிவிடும். அம்மாவுக்குத் தேவையான அளவை மட்டும் தனியே எடுத்து, நன்றாகக் கொதிக்கவிட்டுக் கொடுங்கள். உறைபெட்டியில் வைப்பதானால் உருளைக்கிழங்கை முன்பே எடுத்துவிடுங்கள். உறைந்து இளகியபின் அது பொருபொருவென்று ஆகிவிடும்.