இழை: ‘மாக்சிபஸ்சன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பெண்கள் நலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சீன மருத்துவத்துக்கு அதில் ஓர் இயல் உண்டு. அக்குபங்சருக்குக் ‘குத்தூசி மருத்துவம்’ இருக்கிறது, சிக்கலில்லை. அதை ஒட்டியே வரும் மாக்சிபஸ்சனுக்குத்தான் சொல் அகப்படவில்லை. காய்ந்த மூலிகையைச் சுருட்டிப் பற்றவைத்து, உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளுக்குச் சூடு கொடுப்பார்கள். மாதவிடாய் வலி பற்றிய பகுதியில் ஒருமுறை, பேறுகாலத்தில் குழந்தையின் தலை கீழே திரும்பாமல் இருப்பது பற்றிய பகுதியில் பலமுறை வருகிறது. இப்போதைக்கு ‘மூலிகைச் சூடு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

மறுமொழி 1

அம்மா, வணக்கம். சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டில் ‘சுட்டிகை’ இருக்கிறதே! சூடு கொடுத்து நோய் நீக்குவதுதான் அது. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்குத் தேட வேண்டும்? அந்த மூலிகையும் நமக்குப் புதிதல்ல. மரிக்கொழுந்து வகைதான். ‘மரிக்கொழுந்துச் சுட்டிகை’ என்றே சொல்லிவிடலாம்.

மறுமொழி 2

> கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு

ஐயா சொல்வது பொதுவாக எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்த இடத்தில் சுட்டிகை பொருந்தாது. சுட்டிகை தோலைத் தொட்டுச் சுடுவது. சீனர்களிடமும் அப்படி ஒரு முறை இருந்தது, இன்னும் ஓரளவு இருக்கிறது. மூலிகைப் பஞ்சைக் கோதுமை மணி அளவுக்கு உருட்டித் தோலின் மேலேயே வைத்துக் கொளுத்துவார்கள். சில வகைகளில் தழும்பு விழ வேண்டும் என்பதே நோக்கம். அதற்குச் சுட்டிகை சரியான சொல்தான். ஆனால் அம்மா மொழிபெயர்க்கும் கையேட்டில் வருவது இது இல்லை. அங்கே சுருட்டு மாதிரி நீளமான ஒரு வத்தியைப் பற்றவைத்து, தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பார்கள். தோல் சிவக்கும். இதமாக இருக்கும். சுடக் கூடாது, சுட்டால் உடனே தள்ளிப் பிடிக்கச் சொல்வார்கள்.

‘சூடு’ என்ற சொல் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வலிப்பு, மஞ்சள் காமாலை என்று குழந்தைகளுக்குச் சூடு போடுகிற கொடுமை நம்மிடம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. கர்ப்பிணி படிக்கும் கையேட்டில் ‘சூடு வைத்தல்’ என்று இருந்தால் ஒன்று பயந்துபோவார், இல்லையென்றால் வீட்டில் யாராவது கரண்டியைக் காய்ச்சுவார்கள். இரண்டுமே நடக்கக் கூடாது.

ஆங்கிலச் சொல்லே நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. முன்பாதி அந்த மூலிகையின் ஜப்பானியப் பெயரான ‘மொகுசா’. பின்பாதி எரித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வால். 17ஆம் நூற்றாண்டில் படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த டச்சுப் பாதிரியார் ஒருவர் தம் கீல்வாதத்துக்கு இதைச் செய்துகொண்டு, குணமானதும் புத்தகமே எழுதினார். ஐரோப்பாவுக்கு அப்படித்தான் இது தெரியவந்தது. அவர்கள் கண்ணில் பட்டது எரிப்பது மட்டும். சீனர்கள் சொல்வது வேறு: ‘ஜியு’. அதன் எழுத்தில் கீழே இருப்பது தீயைக் குறிக்கும் உறுப்பு. மேலே இருப்பது ஒலிக்காக வைத்தது. தனியே நின்றால் அதற்கு ‘நெடுநேரம்’ என்று பொருள். ஊசியும் இதுவும் சேர்ந்ததே ‘ஜென்ஜியு’. அதைக் ‘குத்தூசி மருத்துவம்’ என்று சொல்லும்போதே பாதியை விட்டுவிட்டோம். 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இரண்டையும் சேர்த்தே பெயரிட்டார்கள்.

சரி, நம்மிடம் வேறு என்ன இருக்கிறது? ‘வேது’ என்றால் ஆவி நினைவுக்கு வரும், ஈரம். ‘ஒற்றடம்’ தொட வேண்டும். ‘புகை’ என்றால் பிள்ளை பெற்றவள் தலைமுடிக்குச் சாம்பிராணி போடுவதாக நினைப்பார்கள். இங்கே புகை வேண்டாத உடன்விளைவு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

நான் முன்வைப்பது தணலூட்டு. இந்த மூலிகை கொழுந்துவிட்டு எரியாது, கனிந்துகொண்டே இருக்கும். ஜ்வாலை இல்லாமல் நின்று கனலும் நெருப்புக்குத் தமிழில் தணல் என்றுதான் பெயர். வினையாகவும் வரும்: தணலூட்டினார், தணலூட்டலாம். கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. தோலுக்கும் பஞ்சுக்கும் நடுவே இஞ்சி வில்லை வைத்தால் இஞ்சித் தணலூட்டு. தொப்புளில் உப்பு நிரப்பி அதன் மேல் வைத்தால் உப்புத் தணலூட்டு. குத்திய ஊசியின் வெளியே நிற்கும் பிடியில் பஞ்சைச் செருகிக் கொளுத்தினால் ஊசித் தணலூட்டு. சுருட்டுக்குத் ‘தணல்வத்தி’ போதும். ‘வர்த்தி’ என்று எழுதினால் சித்த மருத்துவர்கள் புண்ணுக்குள் வைக்கும் திரி என்று எடுத்துக்கொள்வார்கள். கூம்பாகப் பிடித்து வைப்பதைப் பார்த்தால் அசல் கம்ப்யூட்டர் சாம்பிராணிதான். அதற்குத் ‘தணற்கூம்பு’.

வத்தியைப் பிடிக்கும் விதங்களில் ஒன்றுக்குச் சீனர்கள் குருவி கொத்துவது என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: புள்ளிக்கு நேரே கிட்டே கொண்டுபோவது, விலக்குவது, மறுபடி கிட்டே. இதற்குக் கலைச்சொல் தேடி மெனக்கெட வேண்டாம். ‘குருவிக்கொத்து’ என்றே எழுதுங்கள்.

> மரிக்கொழுந்து வகைதான்

பேரினம் ஒன்றுதான், ஆர்டிமீசியா. ஆனால் மரிக்கொழுந்து என்றால் கதம்பத்தில் கட்டுவதுதான் கண்முன் வரும். அதைவிட நெருக்கமானது மாசிபத்திரி. சீனர்கள் பயன்படுத்துவது அதிலும் வேறு சிற்றினம் என்பதால் ‘சீன மாசிபத்திரி’ என்பது என் பரிந்துரை. ஹூபெய் மாகாணத்தில் சீச்சுன் வட்டாரத்துச் செடிக்குத்தான் மதிப்பு அதிகம். அது 16ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சீன மூலிகை அறிஞர் லி ஷிஜென் பிறந்த ஊர். இலையைக் காயவைத்து, இடித்து, காம்பும் தூசும் போகச் சலித்தால் மிஞ்சுவது பஞ்சு. ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த பழைய சரக்கைத்தான் விரும்புவார்கள். மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் எடுத்து 2015இல் து யூயூ நோபல் வாங்கினாரே, அந்தச் செடியும் இதே பேரினம்தான், ஆனால் வேறு. இரண்டையும் குழப்பிய கட்டுரைகள் ஏற்கெனவே தமிழில் சுற்றுகின்றன.

அம்மாவுக்கு இன்னும் ஒன்று. தலை திரும்பாத குழந்தைக்குத் தணலூட்டும் புள்ளி ‘ஜியின்’, கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரம். உங்கள் மூலத்தில் 1998ஆம் ஆண்டின் ஆய்வைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஜியாங்சி மாகாணத்தில், முதல் பேற்றின் 33ஆவது வாரத்தில் இருந்த 260 பெண்களிடம் செய்தது. 35ஆவது வாரத்தில் பார்த்தபோது தணலூட்டிய 130 பேரில் 98 பேருக்குக் குழந்தை திரும்பியிருந்தது. மற்ற 130 பேரில் 62 பேருக்கு. இந்த 62ஐ விட்டுவிடாதீர்கள். ஒன்றும் செய்யாமலே பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தானாகத் திரும்பியிருக்கிறது. 2009இல் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. அதனால் ‘தணலூட்டினால் குழந்தை திரும்பிவிடும்’ என்று எழுதாமல், ‘திரும்புவதற்கு உதவும் என்று கருதிச் செய்வது’ என்று எழுதுங்கள். ஸ்கேனும் மருத்துவரின் கருத்தும் முதலில். மாதவிடாய் வலிக்குத் தணலூட்டும் ‘சான்யின்ஜியாவ்’ புள்ளியை, உள்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே இருப்பது, கர்ப்பிணிகளுக்குத் தொடக் கூடாது என்பது அவர்கள் மரபு. இரண்டு பகுதிகளும் ஒரே இயலில் வருவதால் இதைத் தனியாகக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

மறுமொழி 3

தணல் நன்று. ‘ஊட்டு’தான் உறுத்துகிறது. அடுத்த இயலில் ‘பாலூட்டும் தாய்மார்’ வருவார்கள். அதற்கு முன்பக்கம் ‘தணலூட்டும் செவிலியர்’ என்றால் நெருப்பைக் கரண்டியில் அள்ளி வாயில் கொடுப்பதுபோல் இல்லையா? ‘தணலிடல்’ என்று சுருக்கமாக வைக்கலாமே.

மறுமொழி 4

‘இடல்’ என்றால் மேலே வைத்துவிடுவது. திலகமிடல், உரமிடல். தொடாமல் கொடுக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். ஊட்டுவது என்றால் எப்போதும் சோறு இல்லை: மணமூட்டுகிறோம், வண்ணமூட்டுகிறோம். கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டியதைப் பழைய பாட்டுகள் நிறையப் பேசுகின்றன. மெல்ல மெல்ல உள்ளே இறங்கச் செய்வது என்ற பொருள் அதில் இருக்கிறது. இதற்கு மேல் அம்மா பாடு.

மறுமொழி 5

அனைவருக்கும் நன்றி. ‘தணலூட்டு’ எடுத்துக்கொண்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘மாக்சா எனப்படும் தணலூட்டு’ என்று எழுதிவிடுகிறேன். மருத்துவமனைப் பலகைகளில் மாக்சா என்றுதான் இருக்கும். தழும்பு விழும் பழைய முறைக்குச் ‘சுட்டிகை’யே இருக்கட்டும், முதலில் எழுதிய ஐயாவின் சொல்லும் வீணாகவில்லை. 62ஐயும் சேர்த்துவிட்டேன்.

அடுத்த தலைவலி ‘கோங் ஹான்’. சொல்லுக்குச் சொல் ‘கருப்பைக் குளிர்’. நம் ஊரில் குளிர்ச்சி என்றால் பாதிப் பேர் நல்லது என்பார்கள், மீதிப் பேர் சளி என்பார்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.