சோலார் வேலைக்கு மாறலாமா? 12 வருட வயர்மேன் கேட்கிறேன்

அருப்புக்கோட்டை வயர்மேன் கேட்டது:

ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்து 12 வருடமாக வீட்டு வயரிங் செய்கிறேன். வயது 36. போன பங்குனியில் எங்கள் மாடியில் மின்வாரிய லைனோடு இணைந்த 3 கிலோவாட் ஆன்கிரிட் சோலார் போட்டோம், 540 வாட் பேனல் ஆறு. மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியம் வேண்டுமானால் பதிவு பெற்ற நிறுவனம்தான் மாட்ட வேண்டும். அதனால் வெளியாட்கள் வந்தார்கள். நான் ஏணி பிடித்ததோடு சரி.

தினமும் 12, 13 யூனிட் வந்துகொண்டிருந்தது. ஆடியில் ஒரு நாள் பட்டப்பகலில், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் பூஜ்யம். கீழே மெயினை அணைத்துவிட்டு மாடிக்குப் போனேன். கடைசிப் பேனலிலிருந்து வயர் இறங்குகிற இடத்தில் பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் உருகி, வெல்லப்பாகு இறுகியதுபோல் கறுத்துக் கிடந்தது. மெயின்தான் அணைந்துவிட்டதே என்று கையால் பிடுங்கப் போனவன், ஏதோ தோன்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேனல் வரிசையின் இரு முனைக்கும் நடுவே 270 வோல்ட்! அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது.

இத்தனை வருட அனுபவம் மாடிப்படியோடு நின்றுவிட்டதே என்று இருக்கிறது. முறையாகக் கற்றுக்கொண்டு இதையே தொழிலாக்கலாம் என்று எண்ணம். சூரியமித்ரா என்கிற சோலார் பயிற்சியில் சேரலாமா? பணம் கட்டினால் ஐந்தே நாளில் ஆளாக்கிவிடுகிறேன் என்று இங்கே ஒருவர் சொல்கிறார்.

திண்டுக்கல் கூரைக்காரர்:

தம்பி, மீட்டர் வைத்தீர்களே, அதற்கே உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர்தான் தூங்கும். வெயில் இருக்கும்வரை பேனலை யாராலும் அணைக்க முடியாது.

நீங்கள் பழகிய ஏசி மின்சாரம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால், பொறி கிளம்பினாலும் சீக்கிரம் அவிந்துவிடும். பேனலிலிருந்து வரும் டிசி அப்படி இல்லை, பூஜ்யத்தைத் தொடாமல் ஒரே சீராக ஓடும். மின்னோட்டம் ஓடும்போது கனெக்டரைப் பிரித்தால் பொறி இழுத்துக்கொண்டே வரும், கையையும் சேர்த்துப் பொசுக்கும். முதலில் ஏசி பக்கத்தை அணைப்பது, பிறகு பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டர் சுவிட்ச், பிறகு வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பூஜ்யம் என்று கண்ணால் பார்ப்பது, அதற்குப் பிறகுதான் கை. இந்த முறையை நான் 9 வருட சோலார் வேலையில் ஒரு நாளும் மாற்றியதில்லை.

உருகியதை எடுத்துப் பாருங்கள். ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனியாக இருக்கும். பேனலோடு வருகிற முனைக்குக் கடையில் கிடைத்த முனையைச் செருகிவிடுகிறார்கள். 'டக்' என்று பூட்டும், உள்ளே பிடிமானம் இருக்காது. முனையைக் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருந்தாலும் இதே கதிதான். அதற்கென்று தனி கிரிம்பிங் கருவி இருக்கிறது. பேனல் வயர்கள் வந்து சேரும் டிசி பெட்டியையும் திறந்து பாருங்கள். உள்ளே சாதாரண ஏசி எம்சிபி (ட்ரிப் சுவிட்ச்) இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், டிசி பொறியை அதை நம்பி விட முடியாது.

இன்னொன்று, எர்த். உங்கள் ஊர்க் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்காலத்தில் அளந்த எர்த் மின்தடை சித்திரையில் அதே அளவு காட்டாது. இரண்டு பருவத்திலும் அளந்து பாருங்கள்.

சூரியமித்ரா 2018:

அண்ணா, நான் அந்தப் பயிற்சியில் படித்தவள். குருகிராமில் இருக்கும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015-ல் தொடங்கிய திட்டம் அது. 600 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம். எங்கள் அணியில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாக இருந்தன. ஐடிஐ முடித்த உங்களுக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் வேலையை விட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

ஆறு பேனலுக்குக் கணக்குப்படி 300 வோல்ட் பக்கம் வர வேண்டும், உங்கள் மீட்டர் 270 காட்டியதற்கான காரணத்தை அங்கேதான் கற்றுக்கொண்டேன். பேனல் சூடாக ஆக வோல்ட் இறங்கும், குளிரில் ஏறும். ஆடி வெயிலை வைத்துக் கணக்குப் போட்டு இன்வெர்ட்டர் வாங்கினால் மார்கழிக் காலையில் வோல்ட் அதன் வரம்பைத் தாண்டிவிடலாம்.

அங்கே சொல்லித்தராதது ஒன்று உண்டு. என் முதல் வேலையில், தெற்கு மூலையில் பேனல் வேண்டும் என்று நான் நிற்க, அது வடாம் காயப்போடும் இடம் என்று அந்த வீட்டுப் பாட்டி நின்றார். கடைசியில் சட்டத்தை ஆறடி உயர்த்தினோம். பாட்டி இப்போது நிழலில் உட்கார்ந்து காக்காய் விரட்டுகிறார். என்ன, துணிக்கொடியை மட்டும் இடம் மாற்றச் சொன்னேன். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்க உற்பத்தி குறையும்.

சான்றிதழ் வாங்கியதும் கடை போடாதீர்கள். யாரிடமாவது பத்துக் கூரையாவது ஏறுங்கள். மானிய வேலை எடுக்க நிறுவனப் பதிவு தனியாக வேண்டும், அதற்கு வங்கி உத்தரவாதம் எல்லாம் கேட்பார்கள்.

மாடிவீட்டுக்காரர்:

வேலைக்கு வரும்போது தயவுசெய்து ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காக அந்த ஏற்பாடாம். நியாயம்தான். ஆனால் எனக்கு அதைச் சொன்னது யார் தெரியுமா? பணம் வாங்கியவர் இல்லை. எடுக்கும் கரண்டையும் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டரை மாட்ட வந்த மின்வாரிய ஊழியர்.

அருப்புக்கோட்டை வயர்மேன்:

கனெக்டரைப் பார்த்தேன், இரண்டு முனையும் இரண்டு கம்பெனிதான். டிசி பெட்டியில் ஏசி எம்சிபி. இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நிறுவனத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

அந்த ஐந்து நாள் ஆசிரியரை நேற்றுச் சந்தித்தேன். "எம்சி4-ஐ எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேட்டேன். "பிடித்து இழுத்தால் வந்துவிடும்" என்றார். திண்டுக்கல் அண்ணா, உங்களிடம் ஏணி பிடிக்க ஆள் வேண்டுமா?