மறு: டீசல் டிராக்டரில் ‘ஏர் எடுத்தல்’ – கையேட்டுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் டிராக்டர் கையேட்டில், டீசல் போகும் வழியில் புகுந்துவிட்ட காற்றை (ஏர்) வெளியே விடும் வேலைக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘பிளீடிங்’ என்பதற்கு, என்ன சொல் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘பிளீடிங்’ என்பதைக் ‘குருதி வடித்தல்’ என்று எழுதக்கூடாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். ‘வளியகற்றல்’ என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம்தான் ஐயா. ஆனால் அந்தப் பக்கத்தை யார், எப்போது புரட்டப்போகிறார் என்று பார்த்துவிட்டுப் போவோம். பாதி உழவில் டீசல் தீர்ந்து வண்டி நின்றிருக்கும். கேனில் வாங்கிவந்து டாங்கில் ஊற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி வேறு இறங்கிக்கொண்டே வருகிறது. அந்த நேரத்தில் ‘வளியகற்றல்’ என்ற தலைப்பைப் பார்த்தால் ஏதோ தைலம் தேய்க்கிற சங்கதி என்று தாளைத் தள்ளிவிடுவார். ளகரமும் லகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்ட ஊர்களில் வளியும் வலியும் ஒன்றுதான். சித்த மருத்துவம் தெரிந்தவருக்கோ வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) என்று நினைப்பு வேறு பக்கம் ஓடும். ‘காற்று’ என்றே எழுதுவோம்.

சரி, பட்டறையில் என்ன சொல்கிறார்கள்? ‘ஏர் எடுக்கணும்’. இதை அப்படியே ‘காற்றெடுப்பு’ ஆக்கலாம் என்று போன வாரம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கும் முதலில் பிடித்த சொல் அதுதான். ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

“வண்டி ஏர் எடுக்குதுண்ணே. நேத்தே ஏர் எடுத்துட்டேன். இன்னிக்கு மறுபடியும் ஏர் எடுக்குது.”

முதல் ‘எடுக்குது’ கோளாறு: எங்கோ ஒரு ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகிறது. நடுவில் உள்ள ‘எடுத்துட்டேன்’ வேலை: உள்ளே போன காற்றை மெக்கானிக் வெளியே விட்டார். ஒரே வினை, நேர் எதிரான இரண்டு பொருள். எதிரில் நின்று பேசுகிறவருக்கு இதில் குழப்பமே வராது. கையேட்டில் ‘காற்றெடுப்பு ஏற்பட்டால் காற்றெடுப்பு செய்யவும்’ என்று அச்சாகிவிட்டால் நம்மை யாரும் மன்னிக்கமாட்டார்கள். ஆக, நமக்கு வேண்டியது மூன்று சொல்: காற்று நுழைவதற்கு ஒன்று, நுழைந்த காற்று வழியை மறித்துக்கொண்டு நிற்பதற்கு ஒன்று, அதை வெளியே விடும் வேலைக்கு ஒன்று.

இயந்திரத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தீர்மானிக்க உதவும். டாங்க், அதன் அடியில் திறப்புக்குழாய், டீசலை இழுத்து அனுப்பும் ஃபீட் பம்பு, ஃபில்டர்கள், இன்ஜெக்‌ஷன் பம்பு, அங்கிருந்து மிகுந்த அழுத்தத்தில் டீசலைக் கொண்டுபோகச் சிலிண்டருக்கு ஒன்றாக எஃகுக் குழாய், கடைசியில் டீசலைப் பீய்ச்சும் நாசில். டாங்க் வற்றியதும் இந்த வழி முழுக்கக் காற்று புகுந்துவிடுகிறது. (டாங்கில் கொஞ்சம் டீசல் இருந்தாலும் சரிவில் வண்டி சாய்ந்து நின்றால் இதே கதைதான்.) பழைய டிராக்டர்களில் நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். டீசலை அழுத்தினால் அது அநேகமாகச் சுருங்காது, அழுத்தம் அப்படியே நாசில்வரை போய்ச்சேரும். நடுவில் காற்று இருந்தால் பம்பு தள்ளத் தள்ள அது சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும், நாசில் திறக்கவே திறக்காது. கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வந்து நிரம்பினால் போதும், கிளம்பிவிடும்.

இனி வேலை. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் 1035, சிம்சன் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு டெல்டாவில் இன்றும் நிறைய ஓடுகிறது. அதையே மனத்தில் வைத்துக்கொள்வோம். ஃபில்டர் தலையில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்திவிட்டு, ஃபீட் பம்பின் பக்கத்தில் இருக்கும் நெம்பைக் கையால் மேலும் கீழும் அடிக்க வேண்டும். முதலில் வெறும் சீறல், பிறகு நுரை, பிறகு குமிழும் டீசலுமாகக் கக்கிக் கக்கி வரும். குமிழ் நின்று ஒரே சீராக ஒழுகத் தொடங்கும்போது, நெம்பை நிறுத்தாமலே திருகை இறுக்கிவிட வேண்டும். நெம்பு அழுத்தமே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பம்பை இயக்கும் கேம் (தண்டில் உள்ள மேடு) அதன் முழு வீச்சையும் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டால் நெம்புக்குப் பிடி கிடைத்துவிடும்.

அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்பு. ரோட்டரி பம்பாக இருந்தால் பக்கவாட்டில் ஒரு திருகு, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூடி மேல் ஒரு திருகு. இந்த வகைப் பம்புக்கு உள்ளே ஓடுகிற டீசலேதான் மசகு என்பதால் காற்றோடு நெடுநேரம் சுற்றவிடுவது நல்லதல்ல. கடைசியாக நாசில் பக்கத்து நட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் பிடி உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போகாமல் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் நட்டை இறுக்கினால் எஞ்சின் தடதடவென்று ஒரு சிலிண்டரில் பிடித்து, மற்றவையும் வந்து சேரும். டீசல் வருகிறதா என்று இங்கே விரல் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி முனையளவு காயம்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். கோளாறுக்கு ‘காற்றிழுப்பு’. டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே வெடித்த ஹோஸோ, மறுபடி மறுபடி போட்ட பழைய செப்பு வாஷரோ இருந்தால் எஞ்சின் ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் வராது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஆகவே ‘கசிவு’ என்ற சொல் இங்கே ஆளைத் தவறான இடத்தில் தேடவைக்கும். நின்றுபோன நிலைக்கு ‘காற்றடைப்பு’. இதில் யாருக்கும் தகராறு இல்லை என்று நினைக்கிறேன்.

வேலைக்குத்தான் போட்டி. ‘காற்று வெளியேற்றம்’ என்றால் எக்ஸாஸ்ட் நினைவுக்கு வருகிறது. ‘காற்று நீக்கம்’ பரவாயில்லை, ஆனால் பள்ளி இயற்பியலில் ‘காற்று நீக்கிய குடுவை’ என்று வெற்றிடத்துக்குப் பழகிவிட்டோம். ‘காற்றிறக்கம்’ டயருக்குப் போய்விட்டது. நான் முன்வைப்பது ‘காற்றுக் களைவு’. வேண்டியதன் நடுவே முளைத்த வேண்டாததை மட்டும் பொறுக்கி எடுப்பதுதான் களைதல். டீசலுக்கு நடுவே உள்ள குமிழியை எடுப்பதும் அதுவே. பிரேக் லைனுக்கும் இதே சொல் பொருந்தும்.

> ‘காற்றுக்களை திருகு’ என்று ஸ்குரூவுக்கும் வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. நடுவில் ஒரு ஒற்று விழுந்தால் ‘காற்றுக்களைத் திருகு’ என்றாகி, காற்றுகளைப் பிடித்துத் திருகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்! இதனால்தான் ‘காற்றுக் களைவு’ என்பதையும் இடம் விட்டே எழுதியிருக்கிறேன். திருகுக்கு ‘காற்றுத் திருகு’ போதும். மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் இருக்கும் ஏர் ஸ்குரூவோடு குழம்பும் என்று ஒருவர் சொல்லலாம். டீசல் எஞ்சினில் கார்புரேட்டரே கிடையாது, விட்டுவிடுவோம்.

மூன்று சொல்லையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

‘டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றால் காற்றடைப்பு ஏற்பட்டிருக்கும். காற்றுத் திருகைத் தளர்த்திக் கைநெம்பை அடித்துக் காற்றைக் களையவும். மறுநாளும் அதே நிலை என்றால் காற்றிழுப்பு உள்ளதா என்று டாங்கிலிருந்து ஃபீட் பம்புவரை சோதிக்கவும்.’

ஃபீட் பம்பில் கையால் அடிக்கும் அந்த நெம்புக்கு, அதாவது ஹேண்ட் பிரைமருக்குக் ‘கைநெம்பு’ என்று நானாகப் போட்டிருக்கிறேன். ‘முன்னூட்டி’ என்று ஒரு பரிந்துரையும் பழைய இழையில் கிடக்கிறது. மோட்டார் பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்புவதையும் பிரைமிங் என்றே சொல்வதால், அங்கே ‘கைநெம்பு’ உதவாது. பம்புசெட் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் அந்தப் பத்தியை முடித்துவிட்டு பிரேக் அத்தியாயத்துக்குப் போய்விடலாம்.